லைன் வீட்டுக்கு வழி

மே 10, சனி

இது போன வருச டைரி. உரக்கடைக்காரர் தறி ஓனர் வீட்டுக்குக் குடுத்தது, ஒருத்தரும் தொடாமக் கெடந்துச்சுன்னு அம்மா வாங்கிட்டு வந்துச்சு. கிழமையெல்லாம் தப்பு. அடிச்சுட்டு மேல எழுதறேன், பாக்கவே அசிங்கமாத்தான் இருக்கு.

எழுதணும்னு எனக்கு ஆசையெல்லாம் இல்ல. ஸ்டெல்லா மிஸ்தான், "உள்ளயே போட்டுக் கொதிக்க விடாத சங்கவி, எழுதித் தொலை"ன்னாங்க. எங்களுக்குக் கெமிஸ்ட்ரி எடுத்தவங்க. எனக்காகக் கோயமுத்தூர் டிரஸ்ட்டுக்கு அப்ளிகேசன் போட்டதும் அவங்கதான். ப்ளஸ் டூ முடிச்சும் வீட்டுல மேல படிக்க வெக்க முடியாத புள்ளைகளுக்கு அந்த டிரஸ்ட்டே காலேஜ், ஹாஸ்டல் எல்லாம் பாத்துக்குது. மார்க் மட்டும் இருந்தாப் பத்தாது. ஒரு ஞாயித்துக்கெழம ரெண்டு பேரு வீட்டுக்கு வருவாங்க. எந்த ஞாயிறுன்னு சொல்ல மாட்டாங்க. பக்கத்துல வந்ததும் போன் பண்ணி லொக்கேசன் கேப்பாங்க. வந்து பாத்து எழுதிட்டுப் போறதை வெச்சுத்தான் முடிவு.

நான் கேட்டிருக்கறது காதுக்கு டெஸ்ட் பண்ணி மிஷின் வெக்கிற படிப்பு. அப்பா இருவத்திரெண்டு வருசமாத் தறி ஓட்டுது. அந்தச் சத்தத்துல ரெண்டு காதும் போச்சு. ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு கேம்ப்புக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்க ஒரு அக்கா அப்பா தலையில ஹெட்போன் மாட்டிட்டு, "சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க"ன்னு சைகையில சொன்னாங்க. அப்பா விரலைத் தூக்கவே இல்ல. எல்லாரும் முடிஞ்சுதுன்னு எந்திரிச்சப்பறமும் அந்த அக்கா விடாமத் திருகித் திருகிப் பாத்துட்டே இருந்தாங்க. கடைசில ஒரு சத்தத்துக்கு அப்பா விரலு லேசா மேல வந்துச்சு. எனக்கு அந்த அக்கா மாதிரி ஆகணும்.

கெடைச்சா கோயமுத்தூரு. கெடைக்கலைன்னா ஜூன் 16 திருப்பூர் பனியன் கம்பெனி வண்டி. பெரியப்பா மக சுகந்தி போறா, என் பேரையும் சேத்துக் குடுத்தாச்சு. அங்கயும் ஹாஸ்டல் இருக்குதாம். அதைச் சொல்லித்தான் அம்மா என்னைத் தேத்துது.

மே 11, ஞாயிறு

வரல. காலைல ஏழு மணிக்கே தலைக்கு ஊத்தி, துணி மாத்தி, போனைக் கையிலயே வெச்சுட்டு உக்காந்திருந்ததுதான் மிச்சம்.

மே 14, புதன்

எங்க வீடு தறி ஷெட்டுக்குப் பின்னால இருக்கற லைன் வீடு. ஒரே வரிசையில எட்டு வீடு, ஒரே கக்கூசு. எங்க செவத்துக்கு அந்தப் பக்கம் தறி. செல்புல அடுக்கின டம்ளரெல்லாம் நாள் பூராக் கிணுகிணுன்னு ஆடும். இங்க பேசணும்னாக் கத்தணும். பெத்த புள்ளையக் கொஞ்சறதுன்னாலும் கத்தித்தான் கொஞ்சணும்.

ஒன்பதாவது படிக்கறப்போ ஒருத்தி நோட்டு வாங்க வந்தா. மறுநா கிளாஸ்ல போய், "அவ வீட்டுல அஞ்சு நிமிசம் நின்னாக் காது வலிக்குதுடி, கக்கூசுக்கு வரிசைல நிக்கறாங்க"ன்னு நடிச்சே காட்டினா. அன்னிலேருந்து ஒருத்தரையும் மெயின் ரோட்டுக்கு இந்தாண்ட வர விட்டதில்ல. எல்லாரையும் ஹேமா வீட்டோட நிறுத்திருவேன். ஹேமா என் பிரண்டு. அவங்கப்பா சொசைட்டியில வேலை. ரோட்டு மேலயே மாடி வீடு.

மே 18, ஞாயிறு

வந்துட்டுப் போயிட்டாங்க. நல்லபடியாத்தான் முடிஞ்சுது.

பதினோரு மணிக்கு போன். "சங்கவியாம்மா, குமாரபாளையம் வந்துட்டோம், லொக்கேசன் அனுப்பு"ன்னாங்க. ஹேமா வீட்டு லொக்கேசனை அனுப்பிட்டேன். லைன் வீட்டுல ரெண்டு பேரு உக்கார எடம் ஏது, அந்தச் சத்தத்துல என்னத்தப் பேசறது. அதனாலதான். ஹேமா கூட, "வேண்டாம்டி"ன்னா. அவ அம்மா சுலோச்சனா அத்தை, "ஒறம்பரைன்னு ரெண்டு பேரு வந்தா உக்கார வெக்கிறதுல என்ன இருக்குது, வரட்டும் கண்ணு"ன்னுட்டாங்க.

வந்தது கண்ணாடி போட்ட ரேணுகா அக்கா, கூட ஜாகீர் அண்ணா. ரெண்டு பேரும் கம்பெனி வேலை, ஞாயித்துக்கெழமைல இந்த வேலை. ஜாகீர் அண்ணா கேள்வி அச்சடிச்ச பாரத்தை எடுத்தாரு. மொதக் கேள்வியே, "வீட்டுல இருக்கறவங்களை எங்களுக்கு அறிமுகப்படுத்து"ங்கறதுதான். எல்லா வீட்டுலயும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பாங்களாம். அப்பா அம்மா ஒரு சாவுக்குப் போயிருக்காங்க, இது எங்க பெரியம்மான்னு சுலோச்சனா அத்தையைக் காட்டினேன். அத்தை மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு, ஆனா தலைய ஆட்டிட்டாங்க.

ரேணுகா அக்கா தண்ணி கேட்டாங்க. டம்ளர் எங்க இருக்குன்னு தெரியாம மூணு கபோர்டு தெறந்தேன். நல்ல வேளை, அவங்க போனைப் பாத்துட்டு இருந்தாங்க.

நடுவால அம்மா வந்துச்சு. சித்த நேரம் நின்னுட்டுப் போயிருச்சு.

கெளம்பறப்போ ரேணுகா அக்கா, "கொஞ்சம் சத்தமாத்தான் பேசற நீ"ன்னு சிரிச்சாங்க. பழக்கதோசம்ங்க்கான்னேன்.

மே 19, திங்கள்

அம்மா ஒண்ணும் கேக்கல.

மே 22, வியாழன்

இன்னிக்கு ஹேமா ஒரு கேள்வி கேட்டா.

"ஏண்டி, அவங்க வீட்டைப் பாத்து எழுதறவங்கதான? எங்க வீட்டைப் பாத்து என்னன்னு எழுதியிருப்பாங்க?"

டைல்ஸ் தரை. பிரிட்ஜ். வாசிங் மிஷின். வாசல்ல வண்டி ரெண்டு. மாடி. இதைப் பாத்துட்டு யாருடி படிக்க வெக்க வருவாங்கன்னு அவளே பதிலையும் சொன்னா. எனக்கு அப்படியே பொக்குனு போச்சு. பாடத்துல நூத்துக்கு நூறு வாங்கத் தெரியுது, இது தெரியல. அசிங்கம் தெரியாம இருந்தாச் சரின்னு மட்டும்தான் அன்னிக்கு மண்டைக்குள்ள ஓடுச்சு.

அம்மா மட்டும் அன்னிக்கு வந்து நிக்காம இருந்திருந்தா எனக்குப் பதட்டம் இருந்திருக்காது, எல்லாத்தையும் ஒழுங்காப் பேசியிருப்பேன். அதுக்கு யாரு வரச் சொன்னாங்க? ஸ்டெல்லா மிஸ் அம்மாவுக்கு போன் பண்ணி, "வந்துட்டாங்களாம், வீட்டுல இருக்கீங்கல்ல"ன்னு கேட்டாங்களாம். ஒடனே, தறிக்கு நூலைக் குச்சியில சுத்தற அந்தத் தார் வேலையைப் பாதியில நிறுத்திட்டு என்னைத் தேடிக் கெளம்பிருச்சு.

மே 24, சனி

போன்ல டவர் இருக்குதான்னு அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்காப் பாக்கறேன். சுகந்தி புதுசா ஒரு பேக் வாங்கியிருக்கா. எனக்கும் ஒண்ணு சொல்லட்டுமான்னு கேக்கறா. அவ மேல எரிஞ்சு விழுந்தேன். பாவம், அவ என்ன பண்ணுவா.

மே 27, செவ்வாய்

மாசாமாசம் வர்ற கரண்டு நிறுத்தம். காலைல ஒன்பது மணிக்குத் தறியெல்லாம் நின்னுச்சு. காதால கேக்காட்டியும் அப்பாவுக்கு அது காலுல தெரியும். தரை அதிர்றது நின்னதும் பாயில எந்திரிச்சு உக்காந்துக்கும்.

எனக்கு இந்த நாளே புடிக்காது. வழக்கமாச் சத்தத்துல யாரும் யாரையும் எதுவும் கேக்க முடியாது, அது ஒரு வசதி. இன்னிக்கு அம்மா வெங்காயம் உரிச்சுட்டே மெதுவா ஆரம்பிச்சுது.

"ஏஞ்சாமி, அந்தப் புள்ளைக என்ன சொல்லிட்டுப் போச்சுக?"

"பாத்துச் சொல்றோம்னாங்க."

"அந்தக் கண்ணாடி போட்ட புள்ள நல்ல மாதிரியாட்டத் தெரிஞ்சுது. நான் திரும்பறப்போ எந்திரிச்சு நின்னு கும்புட்டுச்சு. எனக்குக் கூச்சமாப் போச்சு."

நான் அரிசி களையறேன்னு எந்திரிச்சுப் போயிட்டேன். அரிசியை அம்மா அப்பவே களைஞ்சு வெச்சிருந்துச்சு.

ஜூன் 2, திங்கள்

மெசேஜ் வந்துச்சு. வருந்துகிறோம்னு ஆரம்பிக்குது. குடும்பத்தின் வசதியைக் கருத்தில் கொண்டு இந்த ஆண்டு உங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை. குடும்பத்தின் வசதியாம். படிச்சுட்டுச் சிரிப்பு வந்துச்சு, அப்பறம் வாய்க்கா மேட்டுல போய் உக்காந்து அழுதேன்.

ஜூன் 3, செவ்வாய்

அம்மாகிட்ட மெசேஜைக் காட்டினேன். படிக்கத் தெரியாது, என் மூஞ்சியைப் பாத்துத் தெரிஞ்சுக்குச்சு. அப்பாகிட்டக் கையை விரிச்சுக் காட்டுச்சு. அப்பா என் தலையில கைய வெச்சுட்டு, ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு சட்டைய மாட்டிட்டுப் போயிருச்சு. ஒருத்தரும் என்னைத் திட்டல. திட்டியிருந்தாத் தேவலை.

மேல ஒரு நாள் தப்பா எழுதி வெச்சிருக்கேன். பொய்யில்ல, பாதி. யாரும் படிக்காத டைரியிலயே பாதிதான் எழுதறேன்னா நான் எப்பேர்ப்பட்டவ.

மே 18ந்தேதி அம்மா ஹேமா வீட்டு கேட்டுகிட்ட வந்து நின்னுச்சு. மூஞ்சி கழுவி, பவுடர் போட்டு, எங்க மாமன் கல்யாணத்துக்கு எடுத்த பச்சைச் சேலையைக் கட்டியிருந்துச்சு. தலைமுடியில அங்கங்க நூல் பஞ்சு மட்டும் ஒட்டிட்டு இருந்துச்சு. ரேணுகா அக்கா திரும்பிப் பாத்து, "இவங்க யாரும்மா?"ன்னாங்க.

நான், "பின்னால லைன் வீட்டுல இருக்கற அக்கா, தார் சுத்தறவங்க"ன்னேன்.

சத்தமாத்தான் சொன்னேன். எனக்கு மெதுவாப் பேச வராதே.

அம்மா ஒரு நிமிசம் என்னையப் பாத்துச்சு. அப்பறம் சுலோச்சனா அத்தையைப் பாத்து, "கொஞ்சம் சக்கரை இருக்குங்களா, கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க"ன்னுச்சு. அத்தை உள்ள போய் ஒரு டம்ளர்ல சக்கரை கொண்டு வந்து குடுத்தாங்க. அம்மா அதை ரெண்டு கையிலயும் வாங்கிட்டுப் போயிருச்சு. அந்த டம்ளர் இன்னும் எங்க செல்புலதான் இருக்கு. மத்த டம்ளரோட சேந்து ஆடுது.

நாந்தான். வேற யாரும் இல்ல. அம்மா மேல தப்பு இல்ல, எடத்து மேல தப்பு இல்ல, நாந்தான்.

ஜூன் 5, வியாழன்

ரேணுகா அக்கா நம்பரை எடுத்து வெச்சுட்டு ரெண்டு நாளாப் பாத்துட்டு இருந்தேன். இன்னிக்குத் தறிச் சத்தம் கேக்காத வாய்க்கா மேட்டுக்குப் போய் போன் போட்டேன். எடுத்ததும் கொட்டிட்டேன். வீடு எங்க வீடு இல்லீங்க்கா. பெரியம்மா இல்லீங்க்கா. அந்தச் சக்கரை வாங்கிட்டுப் போனது எங்கம்மாங்க்கா.

சொல்லி முடிச்சுத்தான் மூச்சு வாங்கினேன்.

"எங்கப்பாவும் தறிதான். பள்ளிபாளையம்" அப்படின்னாங்க. "நான் ஆபீஸ்ல வாயத் தெறந்தா இப்பவும் நாலு பேரு திரும்பிப் பாக்கறாங்க. நீ பேசறதைக் கேட்டதுமே எனக்குச் சந்தேகம். சத்தமில்லாத வீட்டுல வளந்தவ அப்படிப் பேச மாட்டா. ஆனாச் சந்தேகத்தை எழுத முடியாது. கண்ணால பாத்ததைத்தான் எழுதணும். எழுதினேன்."

"தப்புத்தாங்க்கா."

"தப்புத்தான். பொய் சொன்னா அந்த வருசம் உதவி இல்லைங்கறது எங்க வழக்கம். ஞாயித்துக்கெழம மறுபடி வர்றோம். ஒண்ணும் ஆகும்னு நெனச்சுக்காத. பாத்து எழுதறேன், அவ்வளவுதான்."

குரல்ல கோவம் இருந்துச்சு. இருக்கட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

லொக்கேசன் அனுப்பினேன். ஆனா அது மெயின் ரோட்டோட நின்னுக்கும். லைன் வீட்டுக்கு வழி மேப்புல இல்ல. நானே போய்க் கூட்டிட்டு வந்தேன். ரெண்டு ஷெட்டுக்கு நடுவால ஒராளு போற சந்து, சாக்கடையத் தாண்டி, கக்கூசைத் தாண்டி. முன்னால நடக்கறப்போ முதுகெல்லாம் கூசுச்சு. ஜாகீர் அண்ணா ஒரு எடத்துல தலையில இடிச்சுக்கிட்டாரு.

அம்மா வாசல்லயே நின்னுட்டு இருந்துச்சு. பச்சைச் சேலை இல்ல, வேலைக்குக் கட்டற சேலை. வேணும்னேதான் கட்டியிருந்துச்சுன்னு நெனக்கறேன். ரெண்டு பேரையும் பாயில உக்கார வெச்சோம். நாங்க நின்னோம், எடம் அவ்வளவுதான். செவத்துக்கு அந்தாண்ட தறி ஓடிட்டு இருந்துச்சு.

அவங்க பாரத்தை எடுக்கறதுக்கு முன்னாலயே அம்மா ஆரம்பிச்சிருச்சு. வீட்டுல பழகிப் பாத்திருக்கும்போல, மளமளன்னு வந்துச்சு.

"புள்ள மேல தப்பில்லீங்க. நாந்தேன் அவளை அந்தூட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னேன். எனக்குத்தேன் இந்த வீட்டைக் காட்ட வெக்கமாப் போச்சுங்க. யாராச்சும் கேட்டா லைன் வீட்டு அக்கான்னு சொல்லுன்னு நாந்தேன் சொல்லிக் குடுத்தேன். என்ற தப்புக்குப் புள்ளையத் தண்டிச்சுறாதீங்க."

ரேணுகா அக்கா பேனாவை எடுத்துட்டாங்க. எழுதப் போறாங்க. அதை எழுதினா எனக்குக் கெடைச்சாலும் கெடைக்கும்னு தெரிஞ்சுது. தாயோட கூச்சம், புள்ள மேல குத்தமில்ல, அப்படின்னு முடிச்சிரலாம். ஜாகீர் அண்ணா தலையக் கூட ஆட்டினாரு. நான் வாயை மூடிட்டு நின்னாப் போதும். அஞ்சாறு மூச்சு அப்படித்தான் நின்னேன். அதையும் எழுதித்தான் ஆகணும்.

"அம்மா பொய் சொல்லுதுங்க்கா" அப்படின்னேன். "அது ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. நானேதான் சொன்னேன். அதுக்குத் தெரியவே தெரியாது. தெரியாமத்தான் நல்ல சேலை கட்டிட்டு வந்துச்சு."

"சும்மா இரு புள்ள"ன்னு அம்மா என் கையப் புடிச்சு அமுக்குச்சு. நான் கத்திட்டே இருந்தேன், தறிக்கு மேல கேக்கணுமில்ல. பக்கத்து வீட்டுல எட்டிப் பாத்தாங்க. பாக்கட்டும்னு இருந்துச்சு.

அப்பாவுக்கு ஒண்ணும் கேக்கல. எல்லார் வாயையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "என்னங்குது?"ன்னு அம்மாவைக் கேட்டுச்சு. அம்மா ஒண்ணுமில்லைன்னு கையை ஆட்டுச்சு. ஜாகீர் அண்ணாகிட்ட ஒரு தாள் வாங்கி, நடந்ததை நாலு வரி எழுதி அப்பாகிட்டக் குடுத்தேன். அப்பா எழுத்துக் கூட்டிப் படிக்கும். விரலை வெச்சு வெச்சுப் படிச்சுது. முடிச்சுட்டு மறுபடி மொதல்லேருந்து படிச்சுது.

"பச்சைச் சேலை கட்டிட்டுப் போச்சே அன்னிக்கு" அப்படின்னுச்சு. "எப்பிடி இருக்குதுன்னு எங்கிட்டச் சைகையில கேட்டுட்டுத்தான் போச்சு."

ரேணுகா அக்கா குனிஞ்சு பாரத்தையே பாத்துட்டு இருந்தாங்க. அப்பறம் நிமிந்து, "மொதக் கேள்வியிலேருந்து ஆரம்பிக்கலாம்"ன்னாங்க. "வீட்டுல இருக்கறவங்களை அறிமுகப்படுத்து சங்கவி."

"இது எங்கப்பா வேலுச்சாமி. தறி ஓட்டுது, காது கேக்காது. இது எங்கம்மா பழனியம்மா. தார் சுத்துது."

அம்மா கும்புட்டுச்சு, என்னமோ அப்பத்தான் வந்த மாதிரி.

கெளம்பறப்போ அம்மா டீ போட்டுக் குடுத்துச்சு. ரேணுகா அக்காவுக்குக் குடுத்த டம்ளர் சுலோச்சனா அத்தை வீட்டு டம்ளர். அம்மாவுக்கு அதுல ஒண்ணும் தோணியிருக்காது. எனக்குத்தான் தோணிட்டே இருக்குது.

ஜூன் 10, செவ்வாய்

சேதி இல்ல. டம்ளரைக் கழுவிக் கொண்டு போய் அத்தைகிட்டக் குடுத்தேன். "உங்கம்மாவைக் கேட்டன்னு சொல்லு"ன்னாங்க.

ஜூன் 12, வியாழன்

சேதி இல்ல. சுகந்திகிட்ட எனக்கும் ஒரு பேக் சொல்லிட்டேன். நீலக் கலரு.

ஜூன் 13, வெள்ளி

அம்மா பேக்குல என் துணியை அடுக்கிட்டு இருந்துச்சு. அந்த நேரம் பாத்துக் கேட்டுட்டேன், என் மேல உனக்குக் கோவமே இல்லையான்னு. கத்திக் கேட்டேன், தறி ஓடிட்டு இருந்துச்சு.

அம்மா கையை நிறுத்தல. "இருந்துச்சு"ன்னுச்சு. "வர்ற வழியில சக்கரையை வாய்க்கால்ல கொட்டிட்டேன்."

நானு, அதை டீக்குப் போட்டிருக்கும்னு இத்தனை நாளும் நெனச்சுட்டு இருந்தேன்.

ஜூன் 14, சனி

மத்தியானம் ரெண்டே முக்காலுக்கு போன். வாய்க்கா மேட்டுக்கு ஓடறதுக்குள்ள மூணு தடவை கட்டாகி மறுபடி வந்துச்சு.

"உன் பேரைக் கடைசில சேத்திருக்கோம்"ன்னாங்க ரேணுகா அக்கா. "ஒரு பையன் கவர்மென்ட் காலேஜ்ல எடம் கெடைச்சதும், எனக்கு வேண்டாம், வேற யாருக்காச்சும் குடுங்கன்னு எழுதிட்டான். அந்த எடம். நீ பொய் சொன்னதையும், அப்பறம் நீயே ஒத்துக்கிட்டதையும் எழுதித்தான் வெச்சேன், மறைக்கல. அதைப் படிச்சுட்டு ஒத்துக்க மாட்டேன்னு சொன்னவங்களும் உண்டு. தெரிஞ்சுக்கோ."

சரிங்க்கா, சரிங்க்கான்னே சொல்லிட்டு இருந்தேன். அந்தப் பையன் யாரு, எந்த ஊருன்னு கேக்க மறந்துட்டேன். கேட்டிருக்கணும்.

ஜூன் 16, திங்கள்

காலைல ஆறு மணிக்குத் திருப்பூர் வண்டி வந்துச்சு. சுகந்தி ஏறினா. ஜன்னல் வழியா, "காது மிஷின் வெக்கறப்போ என்னையும் கூப்புடு, கம்பெனி மிஷின் சத்தத்துல எனக்கும் காது போயிரும்"ன்னு சிரிச்சா. அவ ப்ளஸ் டூவுல என்னைவிட ரொம்பவெல்லாம் கொறச்சல் இல்ல. அவளுக்கு யாரும் அப்ளிகேசன் போடல. வண்டி போனப்பறமும் அதேதான் மனசுல ஓடிட்டு இருக்குது. ஸ்டெல்லா மிஸ்கிட்டப் பேசணும், அடுத்த வருசத்துக்குக் கேக்க முடியுமான்னு.

ஜூன் 23, திங்கள். கோயமுத்தூர்

ஹாஸ்டல் ரூம்ல உக்காந்து எழுதறேன். சத்தமே இல்ல. டம்ளர் ஆட மாட்டேங்குது.

காலைல சேர்க்கை. அப்பாவுக்கு லீவு கெடைக்கல, அம்மாதான் வந்துச்சு. பஸ்சுல பூரா என் பேக்கை மடியில வெச்சுட்டே வந்துச்சு. காலேஜ் ஆபீஸ்ல நீள வரிசை. எல்லாப் புள்ளைகளும் அப்பா அம்மாவோட, நல்ல நல்ல துணியில. அம்மா பச்சைச் சேலை கட்டியிருந்துச்சு. கிட்டக்கப் போகப் போக, வரிசைய விட்டுக் கொஞ்சம் கொஞ்சமா ஒதுங்கி, கடைசில ஒரு தூணுகிட்டப் போய் நின்னுக்குச்சு. நான் கூப்புடறதுக்குள்ள என் மொறை வந்துருச்சு.

மேஜைக்கு அந்தாண்ட இருந்தவரு நிமிராமயே, "கூட யாரும்மா வந்திருக்காங்க?"ன்னாரு.

"எங்கம்மா"ன்னேன்.

ஆபீஸ்ல இருந்த அத்தனை பேரும் எழுதறதை நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தாங்க. ஒருத்தர் கையில இருந்த டீ சிந்திருச்சு. நான் கையை நீட்டித் தூணைக் காட்டினேன்.

அம்மா ஓடி வந்து என் தோளைத் தட்டுச்சு. "மெதுவாச் சொல்லு கண்ணு, இங்கதான் தறி இல்லையே" அப்படின்னுச்சு. அதுவும் கத்தித்தான் சொல்லுச்சு.